சமீபத்தில் என்றால் எப்போது?

ஒரு சொல்லைத் தமிழ் எழுத்திலிருந்து வெளியே அனுப்ப வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை. அந்தச் சொல் 'சமீபத்தில்'. அதன் தனித்தமிழ்ப் பங்காளியான 'அண்மையில்' என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். ஆங்கிலத்து 'ரீசன்ட்லி' பார்க்கும் வேலையைத் தமிழில் பார்ப்பதற்கு நாம் அமர்த்திக்கொண்ட இரண்டு ஆட்கள் இவர்கள். இருவருமே சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாதவர்கள்.

ஒரு வாரம் கணக்கு வைத்துப் பாருங்கள். செய்தித்தாளில், அரசு அறிவிப்பில், அடுக்ககச் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில், நம்முடைய இலக்கியக் கட்டுரைகளின் முதல் வரியில். 'சமீபத்தில் ஒரு நண்பரைச் சந்தித்தேன்.' 'அண்மையில் வெளியான ஆய்வொன்று கூறுகிறது.' 'சமீபத்தில் பெய்த கனமழையில்.' எந்த மழை? தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறேன். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்து, மறுநாள் காலையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் என்று அளந்தார்களே, அந்த மழையா? 2021 நவம்பர் மழையா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் கொண்டுவந்த மழையா? மூன்றுமே ஒவ்வொரு சமயத்தில் 'சமீபத்தில் பெய்த கனமழை'யாக இருந்தவைதான். எது என்று எழுதியவருக்குத் தெரியும். படிப்பவருக்குத் தெரியாது.

நான் இதை எழுதுவது 2025 ஆகஸ்டில். பார்த்தீர்களா, இந்த வரியை எழுத ஐந்து நொடிதான் ஆனது.

இந்தச் சொல்லைப் பற்றித் தமிழில் நடக்கிற ஒரே சண்டை வேறு ஒன்று. 'சமீபம்' வடமொழி, 'அண்மை' என்று எழுது என்பார் ஒருவர். 'அண்மையில்' பள்ளிக்கூடத் தமிழ், யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் அறுபது வயது வரை இதைப் பேசிக்கொண்டிருப்பார்கள். வாசலில் நிற்கிற ஆளுக்கு என்ன ஜாதி என்று விசாரிக்கிறார்களே ஒழிய, அவன் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று பார்ப்பதில்லை. அவன் கையில் ஒன்றும் இல்லை. அதுதான் பிரச்சினை.

உண்மையில் இரண்டு சொற்களுமே காலத்தைக் குறிக்கப் பிறந்தவை அல்ல, இடத்தைக் குறிக்கப் பிறந்தவை. சமீபம் என்றால் பக்கம், கிட்ட. பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். மண்டபத்தின் முகவரிக்குக் கீழே 'பஸ் ஸ்டாண்டு சமீபம்' என்று இருக்கும். அண்மையும் அதேதான். பள்ளியில் எல்லோரும் படித்தோமே, 'இ' அண்மைச்சுட்டு, 'அ' சேய்மைச்சுட்டு. தொல்காப்பியத்தின் விளிமரபில் 'அண்மை' என்று வருவதும், கிட்டத்தில் நிற்பவனைக் கூப்பிடுவது பற்றித்தான். மண்டபம் பஸ் ஸ்டாண்டுக்குச் சமீபம் என்றால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டு நகராது. (நம் ஊரில் அதுவும் நகரும். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் முனையத்தைத் திறந்தபோது எத்தனை பத்திரிகையின் 'சமீபம்' காலாவதி ஆகியிருக்கும்!) இடத்தின் பக்கத்தைச் சொல்வதற்கு ஒரு நிலையான பொருள் உண்டு. காலத்தின் பக்கத்தைச் சொல்ல என்ன உண்டு? சொல்கிறவனின் 'இப்போது' மட்டும்தான். அந்த 'இப்போது' எது என்று தெரியாவிட்டால், பக்கம் எது என்றும் தெரியாது.

ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு. 'ரீசன்ட்' என்பது லத்தீனில் புத்தம்புதியது, வாடாதது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. அதாவது மீன் மார்க்கெட் சொல். நம்மிடமும் அது இருக்கிறது. "இப்பத்தான் வந்துச்சுப்பா, பாரு" என்கிறார் மீன்காரம்மா. நாம் என்ன செய்கிறோம்? செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். சிவப்பாக இருந்தால் வாங்குகிறோம், இல்லாவிட்டால் அடுத்த கூடைக்குப் போகிறோம். முந்நூறு ரூபாய் வஞ்சிரத்துக்குக் காட்டுகிற இந்தச் சந்தேகத்தை எழுத்தில் வருகிற 'சமீபத்தில்' மேல் நாம் ஒருநாளும் காட்டுவதில்லை.

*

இது தமிழின் குறை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பேச்சுத் தமிழ் இந்த விஷயத்தில் படு கறாரானது.

'இப்ப வந்தேன்', 'இப்பத்தான் வந்தேன்', 'அப்பவே வந்துட்டேன்' என்பதெல்லாம் மூன்று தனித்தனித் தகவல். ஒரு 'தான்' போட்டால் செருப்பைக்கூடக் கழற்றவில்லை என்று அர்த்தம். ஆங்கிலத்தில் 'ஜஸ்ட்' செய்கிற வேலையை அந்த ஒட்டு செய்துவிடுகிறது. 'லேட்லி' என்பதற்கு 'இப்பல்லாம்' இருக்கிறது. "இப்பல்லாம் அவர் வாக்கிங் வர்றதில்லை" என்றால், முன்பு வந்துகொண்டிருந்தார் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. நேத்து, முந்தாநேத்து, போன வாரம், போன ஆடி, போன ஆடிக்கு முந்தின ஆடி என்று எண்ணிக்கொண்டே போகலாம். இதையும் தாண்டினால் ஊரே ஒரு காலண்டரை வைத்திருக்கிறது. தாம்பரத்தில் யாரும் 'சமீபத்திய வெள்ளம்' என்று பேசிக் கேட்டதில்லை. "பதினஞ்சு வெள்ளத்துல போன பீரோ" என்பார்கள். "வர்தாவுல விழுந்த வேப்பமரம்" என்பார்கள். அது 2016 டிசம்பர் 12. "லாக்டவுனுக்கு முந்தின மாசம்" என்பார்கள். எல்லாமே ஒரு தேதியில் போய் முட்டுகிற பேச்சு.

பேச்சில் ஒருவேளை 'சமீபத்துல' என்று வந்துவிட்டாலும் கெட்டுப்போவதில்லை. எதிரில் ஆள் இருக்கிறார். "எப்ப?" என்று கேட்பார். "ஒரு மாசம் இருக்கும்" என்று பதில் வரும். முடிந்தது. எழுத்தில் அந்த 'எப்ப?'வைக் கேட்க ஆள் கிடையாது. பேச்சில் இருந்த ஒரு பாதுகாப்பை எடுத்துவிட்டு, சொல்லை மட்டும் காகிதத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

அச்சுப் பத்திரிகை இருந்தவரை ஓரளவு சமாளிக்க முடிந்தது. அட்டையில் தேதி இருக்கும். 1986 தீபாவளி மலரில் 'சமீபத்தில்' என்று இருந்தால் 1986-ஐ ஒட்டி என்று எடுத்துக்கொள்ளலாம். இன்றைக்குக் கட்டுரை அட்டையோடு பயணம் செய்வதில்லை. யாரோ நடுவிலிருந்து இரண்டு பத்தியை நறுக்கி வாட்ஸாப்பில் போடுகிறார்கள். அது ஏழு வருடம் சுற்றுகிறது. 'சமீபத்தில் மத்திய அரசு அறிவித்துள்ள' என்று ஆரம்பிக்கும் செய்தியை உங்கள் பெரியப்பா ஏழாவது வருடமும் உங்களுக்கு அனுப்புகிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த வாக்கியம் என்றைக்கும் கெட்டுப்போகாமல் இருக்கும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. வதந்திக்கு ஃபார்மலின் தடவுவது மாதிரி.

விக்கிப்பீடியாவின் ஆங்கில நடைக் கையேடு இந்தக் காரணத்துக்காகவே 'ரீசன்ட்லி', 'கரன்ட்லி', 'சூன்' போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது. யாராவது எழுதிவிட்டால் பக்கத்தில் 'எப்போது?' என்று ஒரு சின்னக் குறியைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஊர் பேர் தெரியாத தன்னார்வலர்கள் செய்கிற இந்த வேலையைக் கையெழுத்துப் போட்டு எழுதுகிற நாம் செய்வதில்லை.

*

என் தொழிலில் இந்தச் சொல்லுக்கு இடம் இல்லை என்று சொல்லமாட்டேன். இடம் உண்டு, ஆனால் அளவு வைத்துக் கொடுத்த இடம்.

டெலிகிராம் செயலியில் ஒருவர் தன் கடைசி வருகை நேரத்தை மறைத்து வைத்தால், அவர் பெயருக்குக் கீழே 'லாஸ்ட் சீன் ரீசன்ட்லி' என்று காட்டும். அந்த 'ரீசன்ட்லி'க்கு அவர்கள் எல்லை சொல்லியிருக்கிறார்கள்: ஒரு நொடியிலிருந்து இரண்டு மூன்று நாள் வரை. அதைத் தாண்டினால் 'ஒரு வாரத்துக்குள்', பிறகு 'ஒரு மாதத்துக்குள்', ஒரு மாதத்துக்கு மேல் போனால் 'வெகுநாள் முன்பு'. மறைப்பதற்கென்றே பயன்படுத்துகிற இடத்தில்கூட எவ்வளவு மறைக்கிறோம் என்று கணக்கு சொல்கிறார்கள்.

இன்னொன்று, கம்ப்யூட்டர் படித்த எல்லோரும் பரீட்சைக்கு எழுதிய எல்ஆர்யு. கேஷ் நினைவகம் நிறைந்துவிட்டால் எதைத் தூக்கி எறிவது? 'லீஸ்ட் ரீசன்ட்லி யூஸ்டு', அதாவது கடைசியாகப் பயன்பட்டு ரொம்ப நேரம் ஆனதை. அங்கே கடிகாரமே தேவையில்லை, வரிசை போதும். எது முன்னால், எது பின்னால். அந்த வரிசைகூட இல்லாத 'ரீசன்ட்லி' கம்ப்யூட்டருக்குப் புரியாது. மனிதர்களுக்கு மட்டும் புரிந்துவிடும் என்று நம்புகிறோம்.

நம்பிக்கை எப்படி உடைகிறது என்பதற்கு ராத்திரி இரண்டு மணிக்கு நடக்கும் ஒரு கான்ஃபரன்ஸ் காலைக் கேட்டால் போதும். சர்வர் விழுந்துவிட்டது. மேனேஜர் கேட்பார், "ரீசன்ட்டா ஏதாவது சேஞ்ச் போச்சா?" ஒவ்வொரு டீமும் வரிசையாகச் சொல்லும், "ரீசன்ட்டா ஒண்ணும் பண்ணலை." யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவருக்கு ரீசன்ட் என்றால் நேற்று, இன்னொருவருக்கு இந்த வாரம். நான் இருந்த ஒரு காலில், மாற்றம் போனது பதினோரு நாள் முன்னால். மாதம் ஒருமுறை, ஒன்றாம் தேதி மட்டும் ஓடுகிற ஒரு வேலைக்குள் அது உட்கார்ந்திருந்தது. "இருபதாம் தேதியிலிருந்து என்ன போச்சு?" என்று யாரோ கேட்ட பிறகு பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தோம். அதற்கு முன் இரண்டு மணி நேரம் 'ரீசன்ட்' தின்றுவிட்டது.

காலத்தோடு அதிகம் புழங்குகிறவர்கள் இந்தச் சொல்லை எப்படி நடத்துகிறார்கள் என்று பல்லாவரத்திலிருந்து பார்க்கலாம். 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகத்துக்குச் சொன்ன கல் அது. பிறகு அவரே கண்டுபிடித்த அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளுக்கு இன்று 15 லட்சம் ஆண்டு வரை வயது சொல்கிறார்கள். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு 'சமீபம்' என்றால் எது? புவியியலில் உண்மையிலேயே 'ரீசன்ட்' என்று ஒரு காலகட்டம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் லயல் வைத்த பெயர். இப்போது ஹோலோசீன் என்கிறோம். சுமார் 11,700 ஆண்டுக்கு முன் தொடங்கி இன்றுவரை நடப்பது. விவசாயம், ஊர், எழுத்து, தொல்காப்பியர், தாம்பரம் மின்சார ரயில் எல்லாம் அந்த 'ரீசன்ட்'டுக்குள் அடக்கம். ரேடியோகார்பன் முறையில் வயது கணிப்பவர்கள் 'இன்றைக்கு முன்' என்று எழுதுவார்கள். அந்த 'இன்று' எது? 1950. அப்படி ஒப்புக்கொண்டு ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். நாற்பதாயிரம் வருடத்தை அளக்கிறவர்களுக்கே 'இன்று' என்பதற்குத் தேதி வேண்டியிருக்கிறது. போன வாரத்தை எழுதுகிற நமக்கு வேண்டாமாம்.

*

இதெல்லாம் நடைப் பிரச்சினை, இதற்கா இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. தேதி இல்லாத சொல்லால் லாபம் அடைகிறவர் எப்போதும் ஒருவர்தான். பதில் சொல்ல வேண்டியவர்.

2020-இல் முடிச்சூர் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்தேன். புரோக்கர் நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். "ரீசன்ட்டா தண்ணியே வந்ததில்லை சார், பயப்படாதீங்க" என்றார். பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா கேட்காமலேயே சொன்னார், "பதினஞ்சுல ஜன்னல் வரைக்கும் நின்னுச்சுப்பா. நாலு நாளு." புரோக்கர் சொன்னதும் பொய் இல்லை. அவருடைய சமீபத்துக்கு வயது நாலே முக்கால். ஆற்றுக்கு அது தெரியாது. நான் கேம்ப் ரோடு பக்கம் மேட்டில் வேறு வீடு எடுத்தேன். 2021 நவம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மறுபடி தண்ணீர். அந்தப் புரோக்கர் இந்த வருடமும் அதே தெருவில் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வாக்கியம் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இரண்டு வருடம் கழித்துத் தானாகவே மறுபடி உண்மையாகிவிடும்.

அடுத்தது, இப்போது நான் இருக்கும் அடுக்ககம். மொட்டைமாடியில் விரிசல், மேல் மாடி வீடுகளில் கசிவு. 2016-இல் வந்த ரெரா சட்டம், வீட்டை ஒப்படைத்த தேதியிலிருந்து ஐந்து வருடத்துக்குள் இப்படிப்பட்ட குறையைத் தெரிவித்தால் கட்டியவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. நாங்கள் தெரிவித்தோம். வாயால். ஐந்து வருடம் முடிந்து இரண்டு மாதம் கழித்து நடந்த ஆண்டுக் கூட்டத்தின் மினிட்ஸில் எங்கள் செயலாளர் எழுதியிருந்தார்: 'இது குறித்து சமீபத்தில் கட்டுநரின் பிரதிநிதியிடம் தெரிவிக்கப்பட்டது.' கட்டியவருக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. "சமீபத்துலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க சார், கெடு முடிஞ்சப்புறம்தானே சொல்லியிருக்கீங்க" என்றார்கள். எங்களைக் காப்பாற்றியது வாட்ச்மேன் அண்ணனின் நோட்டு. கேட்டில் வைத்திருக்கும் கோடு போட்ட நாற்பது ரூபாய் நோட்டு. அதில் கட்டுநரின் என்ஜினியர் வந்த தேதி, வண்டி எண், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், 'மொட்டைமாடி லீக் பாக்க' என்று காரணம், பக்கத்தில் அவர் கையெழுத்து. கெடு முடிய மூன்று வாரம் பாக்கி இருந்தபோது. அந்தப் பக்கத்தைக் காட்டியதும் பேச்சு மாறியது. இழுத்தடித்துத்தான் செய்தார்கள், ஆனால் செய்தார்கள்.

எங்கள் செயலாளர் இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கியவர். வாட்ச்மேன் அண்ணன் எட்டாவது. 'தேதி, நேரம்' என்று கட்டம் போட்டுக் கொடுத்தால் யாராலும் எழுத முடியும். 'நல்ல தமிழில் எழுது' என்று சொன்னால் 'சமீபத்தில்' என்று எழுதுவோம்.

இதைவிடப் பெரிய உதாரணம் சானடோரியத்தில் இருக்கிறது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம், இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். காசநோயில் பெரிய எதிரி தாமதம். நோயாளி என்ன சொல்வார்? "கொஞ்ச நாளா இருமல் சார்." கொஞ்ச நாள் என்பது நாலு நாளாகவும் இருக்கும், நாலு மாதமாகவும் இருக்கும். அதனால்தான் அரசின் காசநோய்த் திட்டம் அந்தச் சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுவர் சுவராக எழுதியது: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டு வாரம். படிக்காதவருக்கும் எண்ணத் தெரியும். அந்த எண்ணின் இடத்தில் 'நீண்டகால இருமல்' என்று அழகான தமிழில் எழுதியிருந்தால், எல்லோரும் தன் இருமலைச் சமீபத்திய இருமல் என்றே நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்திருப்பார்கள்.

*

'சமீபத்தில்' சோம்பேறி என்றால், அதன் அண்ணன் 'சமீபகாலமாக' அயோக்கியன்.

'சமீபகாலமாகக் குற்றங்கள் அதிகரித்து வருகின்றன.' எந்த வருடத்திலிருந்து? எதோடு ஒப்பிட்டு? 'சமீபகாலமாக இளைஞர்கள் வாசிப்பதில்லை.' எப்போது வாசித்துக்கொண்டிருந்தார்கள்? 'சமீபகாலமாகத் தமிழில் நல்ல நாவல் வருவதில்லை.' இதை நம் மூத்த எழுத்தாளர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் சொல்லிவருகிறார்கள். சமீபகாலம் என்று அவர்கள் குறிப்பது, பெரும்பாலும் தாங்கள் படிப்பதை நிறுத்திய நாளிலிருந்து. ஒரு பொற்காலத்தை நிரூபிக்காமலேயே அது இருந்ததாகச் சொல்லிவிடுவதற்கு இந்தச் சொல்லைவிட வசதியான கருவி கிடையாது. 'இப்பல்லாம்' என்று பாட்டி சொன்னால் சிரித்துவிட்டுப் போகிறோம். அதையே 'சமீபகாலமாக' என்று எழுதினால் சமூகவியல் ஆகிவிடுகிறது.

மனிதர்கள் மேலும் இதைப் பூசுகிறோம். தாம்பரத்தில் யார் 'சமீபத்தில் வந்தவர்'? எண்பதுகளில் மனை வாங்கி வந்தவர்களுக்கு, ஐடி வேலைக்கு வந்த நாங்கள். எங்களுக்கு, கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். ஊரின் பழைய குடிகளுக்கு எல்லோருமே. அவரவர் வந்து சேர்ந்ததற்கு மறுநாள் கதவைச் சாத்திவிட்டு, அதற்குப் பிறகு வந்தவரை 'நேத்து வந்தவன்' என்கிறோம். பெரும்பாக்கத்தைப் பாருங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றுக் கரையிலிருந்து எத்தனையோ குடும்பங்களை அங்கே அடுக்குமாடிகளில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். ஆறு வயதில் லாரியில் வந்து இறங்கிய பிள்ளை இன்று பத்தாவது எழுதுகிற வயதில் இருக்கிறது. அவர்களைப் பற்றிய பேச்சில் இன்னமும் 'புதுசா வந்தவங்க' என்றுதான் வருகிறது. புதிதாக வந்த இடத்தில் பஸ் கம்மியாக இருப்பது இயல்பு, பள்ளி தூரமாக இருப்பது இயல்பு, வேலைக்குப் போகப் பழைய பேட்டைக்கே திரும்ப வேண்டியிருப்பது இயல்பு. 'ஒன்பது வருடமாக' என்று எழுதிப் பாருங்கள். இயல்பு என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

எதிர்காலப் பக்கம் இதே வேலையைச் செய்வது 'விரைவில்'. அதைச் சட்டம் ஒரே ஒரு இடத்தில் சரியாக அடித்தது. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் 'விரைவில் பதில் தரப்படும்' என்று எழுதாமல் 30 நாள் என்று எழுதியது. அந்தச் சட்டத்துக்கு இருக்கும் பல்லில் பாதி அந்த எண்ணில்தான் இருக்கிறது.

*

எதிர்த்தரப்பு வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

முதல் வாதம், தேதி ஞாபகம் இல்லை என்பது. நியாயம். அப்போது ஞாபகம் இருப்பதை எழுதலாமே. 'போன மழைக்காலத்தில்', '2023-இலோ 2024-இலோ', 'மிக்ஜாமுக்கு அப்புறம்'. எல்லையோடு கூடிய ஐயம் ஒரு தகவல். எல்லை இல்லாத நெருக்கம் தகவலே அல்ல. தேதி தேடக்கூட இன்றைக்கு யாரும் நூலகத்துக்குப் போக வேண்டாம்.

இரண்டாவது, கட்டுரை என்பது லாக் ஃபைல் இல்லை, எண்களைப் போட்டால் நடை கெடும் என்பது. இதை ஒரு என்ஜினியரின் ரசனைக் குறைவு என்று தள்ளிவிடவும் செய்வார்கள். இருக்கட்டும். ஆனால் 'சமீபத்தில் ஒரு நண்பரைச் சந்தித்தேன்' என்பதில் என்ன நடை அழகு இருக்கிறது? 'ஆடி அமாவாசை அன்று குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் ஒரு நண்பரைச் சந்தித்தேன்' என்பதில் கூட்டம் தெரிகிறது, வெயில் தெரிகிறது. தேதி வந்தால் பின்னாலேயே உலகமும் வருகிறது.

மூன்றாவது வாதம்தான் கனமானது. துக்கத்துக்குத் தேதி கேட்பாயா? "சமீபத்துல அம்மா தவறிட்டாங்க" என்று ஒருவர் சொல்கிறார். கேட்டால் மூன்று வருடம் ஆகியிருக்கிறது. அவருக்கு அது சமீபம்தான், அவருடைய 'இப்போது' அங்கேயே நின்றுவிட்டது. அந்த இடத்தில் இந்தச் சொல்லுக்கு முழு உரிமை உண்டு. அங்கே அது காலத்தைச் சொல்லவில்லை, வலியின் தூரத்தைச் சொல்கிறது. சமீபம், அண்மை என்ற சொற்களின் பழைய பொருளுக்கு அது திரும்பிப் போகிற இடம் அது. வாய்ப்பேச்சிலும் கவிதையிலும் அதை யாரும் தொடப்போவதில்லை. ஆனால் மகனின் துக்கத்துக்குக் கொடுத்த சலுகையை மாநகராட்சியின் அறிவிப்புக்கும், கட்டுநரின் கடிதத்துக்கும், ஆய்வை மேற்கோள் காட்டுகிற கட்டுரையாளருக்கும் ஏன் கொடுக்க வேண்டும்?

நான்காவதாக, தேதி குறிப்பது வெள்ளைக்காரப் பழக்கம், நம் மரபு காலத்தை வட்டமாகப் பார்ப்பது என்று ஒரு வாதத்தையும் கேட்டிருக்கிறேன். தாம்பரத்திலிருந்து உத்திரமேரூர் இரண்டு மணி நேரப் பயணம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அரசனின் 14-ஆம் ஆட்சியாண்டு என்று தன் தேதியைச் சொல்லித்தான் தொடங்குகிறது. வாரியத்துக்கு யார் நிற்கலாம்? 35 வயதுக்கு மேல், 70 வயதுக்கு உட்பட்டவர். ஏற்கெனவே வாரியத்தில் இருந்தவர்? இங்கே அவர்கள் 'சமீபத்தில் பதவியில் இருந்தவர் நிற்கக் கூடாது' என்று எழுதியிருக்கலாம். நாமாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்போம். பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் சமீபம் என்றால் என்ன என்று ஊர்ப் பெரியவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். அவர்கள் மூன்றாண்டு என்று கல்லில் வெட்டினார்கள். ஆயிரத்து நூறு வருடம் கழித்தும் அந்த விதி படித்தால் புரிகிறது.

ஆகவே கோரிக்கை இதுதான். எழுதி முடித்ததும் உங்கள் கட்டுரையில் 'சமீபத்', 'அண்மை' என்று தேடுங்கள். ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு வருடம், ஒரு மாதம், ஒரு பருவம், குறைந்தபட்சம் ஒரு வெள்ளத்தின் பெயரைப் போடுங்கள். போட முடியவில்லை என்றால் அந்த வாக்கியம் சொல்ல வந்தது என்ன என்று யோசியுங்கள். பாதிக்குமேல் அதையே அடித்துவிடலாம். ஆசிரியர்கள் அந்தச் சொல்லைக் கண்ட இடத்தில் 'எப்போது?' என்று எழுதித் திருப்பி அனுப்பட்டும். சங்கச் செயலாளர்கள் மினிட்ஸ் புத்தகத்தை எழுதும்போது, வாட்ச்மேனின் நோட்டை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.